அக்காவின் கண்மட்டமும் நான்கு பெண்பனைகளும்

முப்பத்தோராம் நாள் கிருத்தியத்துக்கு வந்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே! இந்த நினைவு மலர் கைக்கு வந்ததும் முதலில் படத்தைப் பார்ப்பீர்கள். அடுத்ததாக, நன்றியில் உங்களைச் சேர்த்திருக்கிறோமா என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டுவீர்கள். இதுவே வழக்கம். இம்முறை இடையில் உள்ளதையும் வாசிக்குமாறு வேண்டுகிறேன். குறிப்பாக ஒருவர் வாசிக்கவேண்டும். அவர் யாரென்று உங்களுக்குப் போகப்போகத் தெரியும். அவருக்கு இப்போதே தெரியும்.

எங்கள் அக்கா இந்தத் தீவின் இறுப்பிட்டியில், நீங்கள் இன்று பந்தியிருக்கும் இதே வீட்டில், மூத்த மகளாகப் பிறந்தார். அப்பா, இந்த ஊர் ஆண்கள் பலரையும் போலத் தெற்கே கடை வைத்திருந்தார். ஆண்டுக்கு இரண்டு முறை வந்து போனார். அதனால் எங்களுக்கு அதட்டலும் கணக்கும் அக்காவிடமிருந்தே கிடைத்தன. யாழ்ப்பாணத்தில் தங்கிப் படித்துக் கணித ஆசிரியையானார். தீவிலிருந்து மாற்றம் கேட்டு எல்லோரும் விண்ணப்பிக்கும் காலத்தில், தீவுக்கு மாற்றம் கேட்டு விண்ணப்பித்தவர் அவர். நெடுந்தீவில் படிப்பித்த ஆண்டுகளில் ஒவ்வொரு திங்களும் வள்ளத்தில் வாந்தியெடுத்துக்கொண்டே போய், இறங்கியதும் முகம் கழுவி, முதற்பாடத்துக்கு நேரத்துக்கு நின்றார். கடலை அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. கடல் தன் வேலையைச் செய்கிறது, நான் என் வேலையைச் செய்கிறேன் என்பார்.

அக்காவின் கணவரான எங்கள் அத்தானின் கடை கலவரத்தில் எரிந்தது. பின்பு போர் வந்து ஊரே எழும்பி ஓடியது. வன்னியில், மருந்து கிடைக்காத ஒரு காய்ச்சலில் அத்தான் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. அக்கா தனியே திரும்பி வந்தபோது இந்த வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை. ஒரு அறைக்குத் தகரம் போட்டுக்கொண்டு குடியிருந்தார். மாலையில் பின்விறாந்தையில் கதிரையைப் போட்டுக் கடலைப் பார்ப்பார். கரையோரத்தில் மீன் பிடிக்க நட்ட களங்கண்டிக் கம்புகளில் நீர்க்காகங்கள் வந்து குந்தும். அவற்றை எண்ணுவார். கூரை, ஆட்கள், தென்னைகள் எல்லாம் போன பிறகும் அது ஒன்று போகாமல் இருந்தது.

நினைவு மலர்களில் எல்லோரும் பொறுமையின் வடிவமாகவே இறந்துபோகிறார்கள். எங்கள் அக்கா அப்படியானவர் அல்லர். காலத்தையும் விதியையும் மன்னித்தார். முகத்துக்கு முன்னால் பொய் சொன்னவரை மன்னித்ததில்லை. இதைக் குறையாக எழுதவில்லை.

எங்கள் மாமியின் மகன், எங்களுக்கு மச்சான் முறையானவர், கனடாவிலிருந்து திரும்பி வந்ததிலிருந்து இந்தக் கதை தொடங்குகிறது. மாமி என்றால் அப்பாவின் தங்கை. எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் இடையிலுள்ள கரைவளவைத் தாத்தா மாமிக்குச் சீதனமாகக் கொடுத்தார். அந்த வளவுக்குள் நின்ற நான்கு பெண்பனைகளை மட்டும் அப்பாவுக்கு ஒதுக்கினார். நிலம் ஒருவருக்கும் அதில் நிற்கும் மரம் இன்னொருவருக்கும் போவது எங்கள் பகுதியில் புதினமில்லை. அந்தப் பனைகள் பிறகு அக்காவின் சீதனத்தில் சேர்ந்தன. ஒவ்வோர் ஆவணியிலும் அவற்றின் பழம் எங்கள் குசினிக்கு வரும். பனையோலைக் கடகத்தில் சுமந்து கொண்டுவந்து தருவதே சிறுவயதில் இந்த மச்சானின் வேலை. கூலியாகப் பனங்காய்ப் பணியாரம் தின்பார். அவருக்குக் கணிதம் படிப்பித்ததும் அக்காவே. அந்தப் படிப்பு எவ்வளவு தூரம் ஏறியது என்பதைப் பின்னால் காண்பீர்கள்.

மச்சான் கரைவளவில் விருந்தினர் விடுதி கட்டினார். நல்ல காரியம். பிறகு எங்கள் எல்லையோடு, ஆளுயரத்துக்கு மேலே சீமெந்துக் கல்லால் சுவர் எழுப்பினார். அப்போது அக்காவின் இரண்டு முழங்கால்களும் முற்றாக விட்டுப்போய், சில்லுக் கதிரையில் இருந்தார். சுவரைத் தாண்டிப் போய்க் கடலைப் பார்க்க அவரால் முடியாது என்பது சுவர் கட்டியவருக்குத் தெரியும்.

"மச்சான், சுவர் உம்மடை காணிக்குள்ளதான். கட்டும். ஆனா இவ்வளவு உயரம் என்னத்துக்கு?" என்று அக்கா கேட்டார்.

"பிரைவசி மச்சாள். வெளிநாட்டு ஆக்கள் வந்து தங்கப்போயினம். பின்னாலை ஆரும் பாத்துக்கொண்டிருந்தா அவை விரும்பமாட்டினம்."

"நான் அவையைப் பாக்கேல்லை. கடலைப் பாக்கிறன்."

"கடல் எங்கையும் ஓடிப்போகாது மச்சாள். ஆரையும் தள்ளிக்கொண்டு வரச்சொல்லிப் பாக்கலாம்தானே. என்ரை கேற்றுக் கதவு எந்த நேரமும் திறந்துதான் இருக்கும்."

அந்தக் கதவு அடுத்த கிழமையே பூட்டப்பட்டது. முகத்துக்கு முன்னால் சொன்ன பொய் என்று நான் எழுதியது இதைத்தான்.

அரச சேவையில் கட்டட வேலைகளுக்குத் திட்டம் வரைந்து, மதிப்பீடு எழுதி இளைப்பாறியவன் நான். அன்று பின்விறாந்தையில் சுவரைப் பார்த்தபடி அக்கா என்னிடம் கேட்டார்:

"தம்பி, இவ்வளவு காலம் என்னத்தைக் கிழிச்சனி எண்டு இப்ப காட்டு. சுவரை இடிக்க ஏலாது. அப்ப நான்தான் உயரவேணும்."

இப்படித்தான், நீங்கள் வரும்போது பார்த்த மரத்தளத்தின் வேலை தொடங்கியது. கட்டடம் கட்டுவோர் நிலத்திலிருந்து மேலே கணக்குப் பார்ப்பார்கள். இதை மேலிருந்து கீழே பார்க்கவேண்டியிருந்தது. முதலில் அக்காவின் கண்மட்டம். கதிரையில் நிமிர்ந்திருக்கச் சொல்லி விறாந்தைச் சுவரில் பென்சிலால் கண்ணின் உயரத்தைக் குறித்தேன். 

"சுவருக்கு மேலாலை வானத்தைப் பாக்கிறதுக்கு எனக்குத் தளம் வேண்டாம். வானம் இஞ்சையிருந்தே தெரியுது. களங்கண்டிக் கம்பு அடியோடை தெரியவேணும்" என்றார் அக்கா.

கண்ணிலிருந்து சுவரின் உச்சியைத் தொட்டுக் கம்பின் அடிக்குப் போகும் ஒரு கோடு. இயல்பொத்த முக்கோணிகள். முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் படிப்பித்ததை, அக்கா ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் தனக்காகச் செய்து பார்த்தார். விடை: தளம் நிலத்திலிருந்து ஐந்தடி உயரம். வீட்டின் அத்திவாரமே இரண்டரை அடி. மீதி இரண்டரை அடியைச் சில்லுக் கதிரை ஏறவேண்டும். ஓரடி ஏறப் பன்னிரண்டடி நீளம் என்பது விதி. ஆகவே குசினிச் சுவரோரமாக முப்பதடிச் சாய்வுப் பாதை.

தளத்தின் உயரம் தெரிந்ததும் மரத்துக்கு வந்தோம். மேலே பலகை. பலகையைத் தாங்கச் சலாகைகள். சலாகைகளைத் தாங்கத் தீராந்தி என்னும் பெரிய உத்தரங்கள். தீராந்தியைத் தாங்கத் தூண்கள். ஊரில் வள்ளம் கட்டும் ஓடாவியார் ஒருவரே வேலையை ஏற்றார். அவர் சலாகைகளை இரண்டடிக்கு ஒன்றாகப் போடலாம் என்றார்.

"வள்ளத்தில ஆக்கள் பரவலா இருப்பினம். இஞ்சை என்ரை பாரம் முழுக்க நாலு சில்லில நிக்கும். கிட்டக் கிட்டப் போடுங்கோ" என்று அக்கா சொன்னார்.

"அக்கா, நீங்கள் அவ்வளவு பாரமில்லை."

"இப்ப இல்லை. எனக்கு வாற கோபத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கோ."

ஒன்றேகால் அடிக்கு ஒன்று என்று முடிவாகியது. கதிரையின் சில்லு பலகை இடுக்கில் சிக்காமல் குறுக்காக ஏறிப் போகவேண்டும். அதற்காகப் பலகைகளைக் கரைக்கு இணையாகவும் சலாகைகளைக் கடலை நோக்கியும் வரைந்தேன். எல்லையிலிருந்து விடவேண்டிய இடைவெளியை ஓர் அங்குலமும் குறையாமல் விட்டேன். ஓர் அங்குலம் கூடவும் விடவில்லை.

பலகைக்குப் பூவரசு எங்கள் வளவிலேயே இருந்தது. சலாகைக்கும் தீராந்திக்கும் முதிர்ந்த பெண்பனையே வேண்டும். ஆண்பனை அவ்வளவு வயிரம் பிடிக்காது. அதைக் கடற்சேற்றில் மாதக்கணக்கில் ஊறப்போட்டுத்தான் எடுப்பார்கள். மருத்துவர்கள் அக்காவுக்குச் சொன்ன காலத்தில் அதற்கு நேரம் இருக்கவில்லை. பெண்பனையோ அக்காவிடம் நான்கு இருந்தன, சுவருக்கு அந்தப்பக்கம். 

தறிக்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்குமுன் மரியாதைக்காக மச்சானிடம் சொன்னோம். அவர் சிரித்தார்.

"கனடாவில வீட்டுக்கு வீடு டெக் இருக்கு மச்சாள். இந்த வயசில உங்களுக்கு அதென்னத்துக்கு? பிறகு, என்ரை காணிக்குள்ள நிக்கிற மரம் என்ரை மரம்."

"அப்ப நான் உம்மடை காணிக்குள்ள வந்து நிண்டா, நானும் உமக்குச் சொந்தமோ?" என்றார் அக்கா.

அதற்குப் பதிலாக ஒரு மனு வந்தது. எங்கள் தளம் அனுமதியற்ற கட்டடம் என்றும், விடுதியின் அந்தரங்கத்தைக் கெடுக்கும் என்றும், வயோதிபரின் உயிருக்கு ஆபத்து என்றும் பிரதேச சபைக் கந்தோருக்கு எழுதியிருந்தார். அனுமதியற்ற கட்டடம் என்று அவர் எழுதிய நாளில் என் திட்ட வரைபடம் அதே கந்தோரில் முறைப்படி பதியப்பட்டிருந்தது. ஆனால் மனு என்று ஒன்று வந்தால் விசாரிக்கத்தான் வேண்டும். அதுவே ஒழுங்கு, கந்தோரைக் குறை சொல்லமாட்டேன். மச்சான் விசாரணையின் முதல் தவணைக்கு வரவில்லை. அடுத்ததற்குச் சுகமில்லை என்றார். அதற்கடுத்ததற்குக் கனடாவில் நின்றார். இப்படி ஒரு முழுச் சோளகமும், தென்மேற்கிலிருந்து அந்தக் காற்று வீசுகிற மாதங்கள் எல்லாம், போயின. அக்கா பின்விறாந்தையில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கடல் இரைவது கேட்கும். தெரியாது. கடைசியில் மனு தள்ளுபடியாயிற்று.

உடனே மச்சான் அடுத்த காரியத்தைச் செய்தார். மாரி முடிந்த கையோடு, நான் அக்காவை யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக் கொண்டுபோன ஒருநாள், வெளியூர் ஆட்களை இயந்திர வாளோடு வரவழைத்தார். நாங்கள் திரும்பிவந்தபோது எங்கள் கேற்றில் ஓடாவியார் நின்றார். 

"அக்கா, பனையைத் தறிச்சுப்போட்டார்."

"எத்தினை?"

"நாலு."

அக்காவின் முகம் வெளுத்தது. பிறகு கேட்டார்: "எந்த நாலு?"

"ஆண்பனை நாலும்" என்று சொல்லிவிட்டு ஓடாவியார் வாயைப் பொத்திக்கொண்டார்.

அக்கா சிரித்த சிரிப்பில் நான் கதிரையைப் பிடிக்கவேண்டியிருந்தது. நடந்தது எங்களுக்கு உடனே விளங்கியது. பெண்பனைகள் மேட்டில் நிற்கின்றன. ஆவணியில் விழும் பழம் சோளகக் காற்றில் அடிபட்டுச் சரிவில் உருண்டு, கீழே நிற்கும் ஆண்பனைகளின் அடியில் போய்க் கிடக்கும். சிறுவயதில் மச்சான் பழம் பொறுக்கிய இடம் அது. பழம் கிடந்த இடத்து மரமே பழம் தந்த மரம் என்று இவ்வளவு காலமும் நம்பியிருக்கிறார். ஒருமுறையாவது அண்ணாந்து பார்க்கவில்லை. மரத்தில் பழமில்லாத மாதம் வேறு. அக்காவுடைய பனைகள் என்று நினைத்துத் தன்னுடைய பனைகளைத் தானே தறித்து விழுத்தினார்.

அனுமதியின்றிப் பனை தறிப்பது குற்றம். நான் எழுதிய முறைப்பாடு ஒரு பக்கத்துக்கு மேற்போகவில்லை. அரச சேவையில் ஒரு பக்க முறைப்பாட்டுக்கு இருக்கும் பலம் வேறெதற்கும் இல்லை. விசாரணை முடியும்வரை விழுந்த மரத்தை அசைக்கக்கூடாது என்று உத்தரவாயிற்று. நான்கு பனைகளும் விழுந்து கிடந்தது எங்கே தெரியுமா? விடுதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரே பாதைக்குக் குறுக்கே. அந்தப் பருவம் முழுவதும் வெளிநாட்டு விருந்தினர் பனைக்கு மேலால் கால்தூக்கிக் கடலுக்குப் போனார்கள். பிறகு போகவில்லை. பிறகு வரவுமில்லை.

மச்சான் எங்கள் விறாந்தைக்கு வந்தார். சுவர் கட்டிய பிறகு வந்தது அன்றுதான்.

"மச்சாள், தம்பியிட்டைச் சொல்லி உந்த முறைப்பாட்டைத் திருப்பி எடுக்கச்சொல்லுங்கோ. ஒரு குடும்பம்தானே நாங்கள்."

"தறிச்ச பனை ஆற்றை?"

"என்ரைதான்."

"உம்மடை பனையெண்டு தெரிஞ்சே தறிச்சனீர்? இல்லை, என்ரையெண்டு நினைச்சுத் தறிச்சனீரோ?"

இரண்டில் எதைச் சொன்னாலும் அவருக்கு நட்டம். அக்கா அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கச்சொன்னார். சீனி போடவேண்டாம் என்றும் சொன்னார்.

இன்னொரு முறைப்பாட்டைத் தாங்க அவரிடம் தெம்பில்லை. ஆகவே எங்கள் அனுமதி வந்தபோது மறிக்காமல் கேற்றைத் திறந்துவிட்டார். நான் நான்கையும் தறிக்க அனுமதி எடுத்திருந்தேன். அக்கா தன் கணக்கைத் திரும்பவும் பார்த்துவிட்டு, இரண்டு போதும் என்றார். எந்த இரண்டு என்பதையும் அவரே தெரிவுசெய்தார். வீட்டுக்குக் கிட்ட நின்ற இரண்டையும் தறித்து, விடுதி அறைகளை ஒட்டி நின்ற இரண்டையும் விடச் சொன்னார். கிழக்கிலிருந்து கிரமமாகத் தறித்து வருவதுதான் முறை, ஏன் அவற்றை விடவேண்டும் என்று கேட்டேன்.

"ஆவணியில சொல்லுறன்" என்றார்.

வயது போக அக்கா இளகிவிட்டார், போனால் போகிறது, மச்சானுக்கு நிழல் இருக்கட்டும் என்று நினைக்கிறார் என எண்ணிக்கொண்டேன். பிழையாக எண்ணினேன்.

பங்குனியில் தளம் எழும்பியது. தீராந்தி ஏறிய அன்று ஓடாவியார் அதன்மேல் நின்று துள்ளிக் காட்டினார். பலகை முடிந்த அன்றும் துள்ளினார்.

"நீங்கள் துள்ளினது காணும். என்னை ஏத்துங்கோ."

முப்பதடிச் சாய்வில் நான் கதிரையைத் தள்ளிக்கொண்டு போனேன். சலாகைகள் முடியும் கடற்பக்க விளிம்பில் நிறுத்தினேன். களங்கண்டிக் கம்புகள் அடியோடு தெரிந்தன. நீர்க்காகங்களை அவர் எண்ணுகிறார் என்பது உதடு அசைந்ததில் தெரிந்தது. நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன்.

அந்த வேளையில் கீழே, தன் வளவுக்குள், மச்சான் துவாயோடு குளிக்க வந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன மச்சான், பிரைவசி எப்பிடி?" என்று கேட்டார் அக்கா.

அன்றிலிருந்து மாலைதோறும் அக்கா அங்கே இருந்தார். பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி, ஆடியில் பாதி. அவ்வளவுதான். உறவினர்களே, சுவரை நான் மன்னிக்கலாம். அது கல். மனு எழுதியதையும் மன்னிக்கலாம். மனு எழுதுவது பிரசையின் உரிமை. மருத்துவர்கள் சொன்ன காலத்தில் ஒரு முழுச் சோளகத்தை ஒருவர் தவணைக்கு வராமலே எடுத்துக்கொண்டார். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு கழித்த அந்த மாதங்களை எந்தக் கந்தோரில் விண்ணப்பித்தும் மீட்கமுடியாது. எனக்கு எல்லா நடைமுறையும் தெரியும். இதற்கு ஒரு நடைமுறையும் இல்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

ஆடியில் ஒரு பின்னேரம், தளத்தில் இருந்தபடி அக்கா தேத்தண்ணி கேட்டார். நான் குசினிக்குப் போய் ஊற்றிக்கொண்டு திரும்பி வந்தபோது அவர் போய்விட்டிருந்தார். தலை சரியவில்லை. கண் திறந்திருந்தது. கண்மட்டம் நான் பென்சிலால் குறித்த அதே உயரத்தில் இருந்தது.

பூதவுடலைத் தளத்திலேயே வைத்தோம். மச்சான் வந்தார், கீழேயே நின்றார். கீழே நின்றால் ஒன்றும் தெரியாது. ஐந்தடித் தளம். வாய்க்கரிசி போட உரித்துள்ளவர்களைக் கூப்பிட்டபோது சாய்வுப் பாதையின் அடியில் வந்து தயங்கினார். ஓடாவியார் மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது:

"பயப்பிடாமல் ஏறுங்கோ தம்பி. உங்கடை வளவுக்குள்ள நிண்ட மரந்தான். தாங்கும்."

ஏறினார். அழுதார். உண்மையாகவே அழுதார் என்று சொல்கிறார்கள், இருக்கலாம். வாய்க்கரிசி போட்டுவிட்டு நிமிர்ந்தபோது அவருடைய கண் சுவருக்கு மேலால் கடலுக்குப் போயிற்று. அக்கா இருந்த இடத்திலிருந்து அந்தக் கடலை அவர் பார்த்தது அதுவே முதல் தடவை. நான் ஒன்றும் சொல்லவில்லை. மலர் அச்சிடுவோம் என்று எனக்குத் தெரியும்.

இனி நன்றி. அக்காவின் புண்களுக்கு முகம் சுளிக்காமல் மருந்து கட்டிய தாதியருக்கும், செய்தி கேட்டதும் உலையை இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்த அயற்பெண்களுக்கும், வள்ளத்திலும் பாலம் கடந்தும் வந்த பழைய மாணவர்களுக்கும், வரமுடியாமல் தொலைபேசியில் அழுதவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஒவ்வொரு சலாகையையும் தடவிப் பார்த்துப் பூட்டிய ஓடாவியாருக்கு என் தனிப்பட்ட நன்றி. இன்று நீங்கள் எல்லோரும் ஒருமித்து ஏறினாலும் தளம் அசையாது. அக்கா தன் கோபத்தையும் சேர்த்துப் போடச்சொன்ன கணக்கு அது.

மச்சானுக்கும் நன்றி சொல்லவேண்டும். அவர் சுவர் கட்டியிராவிட்டால் அக்கா இவ்வளவு உயரத்தில் இருந்து போயிருக்கமாட்டார்.

அக்கா ஆவணியில் சொல்வதாகச் சொன்னது ஒன்று மீதமிருந்தது. அதைச் சொல்ல அவர் இருக்கவில்லை. ஆனாலும் இந்தக் கிழமை விடியற்காலையில், தளத்தில் அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் நான் நின்றபோது, சுவருக்கு அந்தப்பக்கம் விடுதியின் தகரக் கூரையில் குண்டு விழுந்தது போல ஒரு சத்தம் கேட்டது. உள்ளே யாரோ பயத்தில் குழறினார்கள். சற்றுப் பொறுத்து இன்னொன்று விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அக்கா விட்டுவைத்த இரண்டு பனைகளும் அந்தக் கூரைக்கு மேலே குலைகுலையாகப் பழுத்து நின்றன. தெரிந்துதான் விட்டிருக்கிறார். பெண்பனை நூறாண்டு நிற்கும் என்பார்கள்.

அக்கா எழுதிவைத்தபடி பனைகள் இப்போது என் பெயரில் உள்ளன. பழம் எங்களுடையது. நாளை காலை கடகத்தோடு வருவேன் மச்சான், கேற்றைத் திறந்து வையும்.

தம்பி